செத்த மரம் என்று ஒரு தீர்மானம்

மிஸ்டர் சுப்ரா ஓர் அரிசிச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்துக்கு வந்தார். யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. நேராக முன்னால் போய், சாக்கைத் தலைகீழாகப் பிடித்துத் தலைவரின் மேசையில் கொட்டினார்.

எல்லாம் காய்ந்த இலைகள். சரசரவென்று விழுந்து, சங்கம் வாங்கி வைத்திருந்த கறிபாப் பலகாரத் தட்டை மூடின. புழுதி கிளம்பி முன்வரிசை முழுக்கத் தும்மியது.

“இன்னிக்குக் காலைல என் போர்ச்ல மட்டும் கூட்டுனது. இதுக்கு மேல என்ன ப்ரூஃப் வேணும்? மரம் செத்துருச்சி லா. வெட்டிப் போடுங்க,” என்றார்.

சுபாங் ஜெயாவில் என் தம்பி குமரன் குடியிருக்கும் தாமானின், அதாவது வீடமைப்புப் பகுதியின், மண்டபம் அது. குடியிருப்பாளர் சங்கத்துக்கு அவன்தான் தலைவன். நான் அந்தத் தாமான்காரி இல்லை; பிரிக்பீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கிறேன். காட்டு மரங்கள் எவ்வளவு தண்ணீர் குடிக்கின்றன என்று அளந்தே ஓய்வு வயது வரை சம்பளம் வாங்கியவள் என்பதால், நாலு வார்த்தை பேசச் சொல்லி அழைத்திருந்தான்.

தெருக்கோடியில் நிற்கும் அந்த மெராந்தி மரத்தைப் பற்றிப் பேசினேன். “அது சாகல. மழ இல்ல. தண்ணிய மிச்சம் புடிக்கத்தான் இலயக் கொட்டுது. மழ வந்தா திரும்பத் துளுக்கும். கொஞ்சம் பொறுங்க.”

மிஸ்டர் சுப்ரா வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் நிற்கும் யாரையும் கடன் கேட்டு வந்தவரைப் பார்ப்பதுபோலத்தான் பார்ப்பார். என்னையும் அப்படியே பார்த்தார்.

“மேடம், பச்சையா இருந்தா உசுரு, காஞ்சா சாவு. இத சொல்றதுக்கு டிகிரி வேணுமா?”

மண்டபம் சிரித்தது. கை தூக்கச் சொன்னார்கள். வெட்டலாம் என்று தூக்கிய கைகளில் என் தம்பியின் கையும் இருந்தது.

போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு, “எல்லாரையும் ஏன் இப்படித் திட்டுகிறீர்கள்?” என்று கிள்ளானிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார். அம்மா, இந்த வாரமும் திட்டத்தான் போகிறேன். பிடிக்காதவர்கள் பக்கத்தைப் புரட்டி ராசிபலனுக்குப் போய்விடலாம்.

வாளி நிரப்பும் ஜனங்கள்

கடும் வறட்சி நடந்த ஆண்டு அது. எந்த ஆண்டு என்று கேட்காதீர்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் குழாய் வறண்ட ஆண்டுகள் என் நினைவில் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. புகைமூட்டத்தில் வானம் பழுப்பாக இருந்தது. காலையில் பல் துலக்கும்போதே வாயில் கரி வாசம் அடித்தது.

தண்ணீர் தடை என்று அறிவிப்பு வந்ததும் நம்மவர்கள் என்ன செய்வார்கள்? முதலில் காரைக் கழுவுவார்கள். பிறகு போர்ச்சைக் கழுவுவார்கள், நாளைக்குத் தண்ணீர் வராதே என்று. அதற்கப்புறம் வாளி, அண்டா, குழந்தையைக் குளிப்பாட்டிய தொட்டி என்று வீட்டில் குழிந்திருக்கும் எல்லாவற்றிலும் பிடித்து வைப்பார்கள். தண்ணீர் திரும்பி வந்ததும், “பழைய தண்ணி, கொசு வந்துரும்” என்று அத்தனையையும் சாக்கடையில் ஊற்றிவிட்டுப் புதிதாகப் பிடிப்பார்கள். தடையில்லாத மாதத்தைவிடத் தடை வந்த மாதத்தில்தான் அந்தத் தாமான் அதிகத் தண்ணீர் செலவழித்தது என்று கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வேன்.

மரத்துக்கு இந்தப் பவிசு கிடையாது.

இலையின் அடிப்பக்கம் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன. அவற்றைத் திறந்தால்தான் மரம் காற்றை உள்ளே இழுத்துச் சமைத்துச் சாப்பிட முடியும். திறந்தால் தண்ணீர் ஆவியாகப் போகும். மூடினால் தண்ணீர் மிஞ்சும், ஆனால் பட்டினி. வறட்சியில் மெராந்தி மரம் காலையில் கொஞ்ச நேரம் திறந்து சமைத்துக்கொள்ளும். வெயில் ஏறியதும் சாத்திவிடும். மண் இன்னும் காய்ந்தால் பழைய இலைகளைக் கழற்றிப் போடும். குடிக்கும் வாய்களைக் குறைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அதற்குச் சங்கம் கூட வேண்டியதில்லை.

குறைக்காவிட்டால் என்ன ஆகும் என்றும் சொல்லிவிடுகிறேன். வேரிலிருந்து உச்சி வரை மரத்துக்குள் தண்ணீர் அறுபடாத இழைகளாக நிற்கிறது. மேலே இழுக்கும் இழுப்பு மீறினால் இழை அறுந்து உள்ளே காற்று புகுந்துவிடும். தடை முடிந்து குழாயைத் திறக்கும்போது கக்கிக் கக்கி இருமுமே, அதே மாதிரிக் காற்றுதான். குழாய் இருமிவிட்டுச் சரியாகிவிடும். மரத்துக்கு அது அவ்வளவு சுலபமில்லை. அடைபட்ட நாளங்கள் பெருகினால் கிளை சாகும், பிறகு மரமே சாகும்.

இழை அறும்போது விரல் சொடுக்கினாற்போல் ஒரு சத்தம் வரும். மனிதக் காதுக்கு எட்டாது. அடிமரத்தில் கருவி பொருத்திக் கேட்டிருக்கிறேன். தாகத்தை அதைவிடச் சின்னக் குரலில் சொல்லும் உயிரை நான் பார்த்ததில்லை. மிஸ்டர் சுப்ரா பேசிக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தத்தை நினைத்து ஏங்கினேன்.

பால் மரத்துப் பிள்ளைகள்

என் வயிற்றெரிச்சல் இன்னொன்றும் உண்டு. கை தூக்கியவர்களில் முக்கால்வாசிப் பேரின் பெற்றோர் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர்கள், அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர்கள். எங்கள் அப்பா அம்மா காப்பார் பக்கம் ஒரு தோட்டத்தில் வெட்டினார்கள். மிஸ்டர் சுப்ராவின் அப்பா அதற்குப் பக்கத்துத் தோட்டம்.

வருடத் தொடக்கத்தில் வெயில் காயும்போது ரப்பர் மரம் மொத்த இலையையும் கொட்டிவிடும். தோட்டமே விறகுக்கடை மாதிரி நிற்கும். யாராவது மரம் செத்துப்போயிற்று என்று ஒப்பாரி வைத்தார்களா? துளிர் வரும்வரை பால் குறையும் என்று தெரிந்து வாயைக் கட்டி வயிற்றைக் கட்டினார்கள். அவ்வளவு இருட்டோடு எழுந்து எதற்குப் போனார்கள்? இரவெல்லாம் மரம் தண்ணீரை நிரப்பிக்கொண்டு விம்மி நிற்கும். அப்போது வெட்டினால்தான் பால் பெருகும். வெயில் ஏறி இலை உறிஞ்சத் தொடங்கினால் பால் நின்றுவிடும். மரம் தன் தண்ணீரை எப்படி ஆள்கிறது என்பதைப் பார்த்துத்தான் நம் வீட்டில் அடுப்பு எரிந்தது.

அந்தப் பாலில் படித்து, வேலைக்குப் போய், போர்ச்சுக்கு டைல்ஸ் போட்ட பிள்ளைகள் இன்று இலை விழுந்தால் சாவு என்கிறார்கள். இதைக் கூட்டத்திலேயே கேட்டேன்.

“அது ரப்பர் மரம், மேடம். இது காட்டு மரம்,” என்றார் மிஸ்டர் சுப்ரா.

செவிடன் காதில் சங்கு ஊதிவிட்டு உட்கார்ந்தேன்.

நிழல் வேண்டாம், விதை வேண்டும்

அந்த மரத்திடம் எனக்கு என்ன காரியம் என்பதை நேராகவே சொல்லிவிடுகிறேன். அதன் நிழலும் அழகும் யாருக்கு வேண்டும்? எனக்கு அதன் விதை வேண்டும்.

மெராந்தி, மாமரம் மாதிரி வருடா வருடம் பூப்பதில்லை. பல வருடம் சும்மா நிற்கும். ஒரு நல்ல வறட்சி வந்து போன பிறகு, காடு முழுவதும் சொல்லி வைத்தாற்போல் ஒன்றாகப் பூக்கும். விதையை டப்பாவில் போட்டு வைக்கவும் முடியாது. ஈரம் காய்ந்தால் சில நாளில் செத்துவிடும். விழுந்த சூட்டோடு பொறுக்கி நட வேண்டும்.

தாமான் கட்டக் குன்றை வழித்தபோது எப்படியோ தப்பி, தெருக்கோடியில் நின்ற மரம் இது. பெரிய கால்வாய்க்கு அப்பால், மிச்சமிருந்த குன்றில் இதன் உறவுகள் சில நின்றன. அங்கேயும் வேலி போட்டு, ஆடம்பர வீடுகள் வரப் போவதாகப் பலகை நட்டாயிற்று. உள்ளே யாரையும் விடுவதில்லை. அந்தக் குன்றுக் காட்டின் வம்சத்தில் என் கைக்கு எட்டியது இந்த ஒரு மரம்தான். ஷா ஆலம் பக்கம் ஒரு நாற்றுப்பண்ணையில் சொல்லிவைத்து, கன்று வளர்க்க இடமும் பிடித்திருந்தேன்.

போன தடவை அது பூத்தபோது நான் முழங்கால் அறுவைக்காகப் படுத்திருந்தேன். அதற்கு முந்தைய தடவை வண்டு என்னை முந்திக்கொண்டது. அடுத்த தடவை நான் இருப்பேனா தெரியாது. இருந்தாலும் குனிய முடியுமா தெரியாது. ஊரே சபித்த அந்த வறட்சிக்காக நான் வருடக்கணக்கில் காத்திருந்தேன். அது வந்து சேர்ந்தபோது, போர்ச்சில் இலை விழுகிறது என்று மரத்தை வெட்டத் தீர்மானம் போடுகிறார்கள். அன்று பிரிக்பீல்ட்ஸ் திரும்பும் ரயிலில் அழுதேன். ஆத்திரத்தில் வந்த அழுகைதான்.

கட்டியது காப்பு இல்லை

மரம் வெட்டும் குத்தகையாளருக்கு உடனே ஆள் அமையவில்லை. அந்த இடைவெளியில், மரம் உயிரோடு இருப்பதை அளந்து காட்டிவிடலாம் என்று நினைத்தேன். எண்களைக் காட்டினால் ஜனங்கள் மனம் மாறுவார்கள் என்பது படித்தவர்களின் மூடநம்பிக்கை.

என்னிடம் பழைய எஃகு நாடா ஒன்று இருந்தது. அடிமரத்தைச் சுற்றிக் கட்டி, ஒரு சுருள்கம்பியால் இழுத்துவைக்க வேண்டும். பகலில் மரம் தண்ணீரை இழந்து மயிரிழை அளவு சுருங்கும். விடிவதற்குள் வேர் குடித்து மறுபடியும் பருக்கும். சுருங்குவதும் பருப்பதும் நாடாவில் தெரியும்.

தம்பி வீட்டில் தங்கி, விடியற்காலையில் டார்ச்சோடு போய் அளவு பார்த்தேன். நாடா நழுவியிருக்கிறதா என்று மரத்தைச் சுற்றி வருவேன். அளவு மறந்துவிடாமல் இருக்க வாய்க்குள் முணுமுணுப்பேன். அந்தப் புழுக்கத்திலும் அடிமரம் ஜில்லென்று இருக்கும். உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் கண்ணை மூடி நிற்பேன்.

இத்தனையையும் மரத்துக்கு எதிர்வீட்டு சரஸ் அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். அவர் கண்டது வேறு. நரைத்த தலையோடு ஒருத்தி இருள் பிரியும் வேளையில் மரத்தை வலம் வருகிறாள். உதடு அசைகிறது. தொட்டுக் கண்ணை மூடி நிற்கிறாள். போதாததற்கு மரத்துக்குக் காப்பு வேறு கட்டியிருக்கிறாள்.

மறுநாள் நாடாவின் மேல் மஞ்சள் துணி. அதற்கு மறுநாள் சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம். அந்த வாரம் முடிவதற்குள் மரத்தடியில் ஒரு சிறிய சூலம் முளைத்துவிட்டது. புல்கூட முளைக்காத வறட்சியில் நம்மவர்களுக்குச் சூலம் மட்டும் முளைக்கும்.

குத்தகையாளரின் ஆட்கள் லோரியில் வந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து பெர்மிட்டில் வந்தவர்கள். ரம்பத்தை இறக்கினார்கள். சூலத்தைப் பார்த்தார்கள். ரம்பத்தை மறுபடி ஏற்றினார்கள்.

“பாஸ், காப்புக் கட்டுன மரத்துல நாங்க கை வெக்க மாட்டோம். வேற ஆளப் பாத்துக்குங்க,” என்று குமரனிடம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

சங்கம் அவசரமாகக் கூடித் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றது. இந்த முறை தூக்கிய கைகளிலும் என் தம்பியின் கை இருந்தது. என் அளவுகளைக் கேட்க ஒரு நாதி இல்லை.

“அக்கா, உண்மைய சொல்லுங்க. என்ன பூஜ பண்ணீங்க?” என்றான் அவன்.

“அளவு எடுத்தேன்டா.”

“சரி, சொல்லக்கூடாதுன்னா விடுங்க.”

மறுத்துப் பேசியிருக்கலாம். பேசவில்லை. மரம் நின்றால் போதும் எனக்கு. எந்தச் சாமி பேரில் நின்றால் என்ன?

மிஸ்டர் சுப்ரா மட்டும் கொதித்தார். “மொதல்ல குப்ப, இப்ப கோயிலா? நாளைக்கு உறுமி மேளம் வரும், நாளான்னிக்கு ஸ்பீக்கர் வரும். மனுஷன் குடியிருக்கறதா வேணாமா?” என்று தெருவில் நின்று கத்தினார். வீட்டைப் பூட்டி, சாவியைக் குமரனிடம் வீசிவிட்டு, கிள்ளானில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை. அதுதான் எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது.

சாமி பூத்தது

மழை வந்தது. செத்ததாகத் தீர்மானிக்கப்பட்ட மரம் செம்பு நிறத்தில் துளிர்த்தது. வாரங்கள் போய், ஒரு நாள் அதன் உச்சி வெளிறியது. பூ. பொரியைப் போலச் சின்னப் பூ, மங்கலான மஞ்சள். மாலையானால் தெருவே மணத்தது.

“சாமி பூத்துருச்சி” என்று சரஸ் அக்கா படம் எடுத்து அனுப்ப, ஷா ஆலத்திலிருந்தெல்லாம் கார் போட்டுக்கொண்டு வந்தார்கள். பூக்க வைத்தது அவர்கள் சபித்த வறட்சிதான் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வறட்சிக்கும் ஒரு சூலம் நடுவார்கள்.

பூ காயாயிற்று. மெராந்தியின் காய்க்கு இறக்கை உண்டு. விழும்போது சுற்றிக்கொண்டே இறங்கும். குமரனிடம் படித்துப் படித்துச் சொன்னேன். “காய் விழ ஆரம்பிச்ச அன்னிக்கே கூப்புடு. ஒண்ணையும் யாரும் தொடக்கூடாது.”

“பயப்படாதீங்கக்கா. நான் பாத்துக்கறேன்.”

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கூப்பிட்டான். “அக்கா, மூணு நாலு நாளா விழுது. நேத்து அடிச்ச காத்துல மொத்தமா கொட்டிருச்சி. ரோடு பூராவும் அதான். நாளைக்கு ஞாயித்துக்கெழம, எல்லாருக்கும் வசதி, வாங்க.”

எல்லாருக்கும் எதற்கு வசதி என்று நான் கேட்கவில்லை. மகிழ்ச்சியில் புத்தி மழுங்கியிருந்தது. சாக்கை நனைத்து, மரத்தூளை ஈரமாக்கிப் பெட்டியில் நிரப்பிக்கொண்டு காலையில் கிளம்பினேன். கல்யாணத்துக்குப் போவதுபோல நல்ல சேலை வேறு கட்டியிருந்தேன்.

தெருமுனையில் கால் நின்றுவிட்டது. தெரு பளபளவென்று இருந்தது. பெருக்கி, கழுவியும் விட்டிருந்தார்கள். மரத்தைச் சுற்றிப் புதிதாகச் சிமெண்ட் மேடை. ஓர் இலை இல்லை. ஒரு காய் இல்லை. விளக்குமாறும் கையுமாக ஊரே நின்று என்னைப் பார்த்துச் சிரித்தது. மடக்கு மேசையில் தேநீரும் நாசி லெமாக் சோறும் இருந்தன.

“நீங்க வர்றீங்கன்னு காலைலயே கோத்தோங் ரோயோங் போட்டோம்,” என்றார் சரஸ் அக்கா. “எல்லா வீட்லேருந்தும் ஆளு வந்து கூட்டுச்சி. சாமி மரத்தடி குப்பையா கெடந்தா நல்லாவா இருக்கும்?”

“காய் எங்க?”

“அதானக்கா குப்பையே!” என்றான் குமரன். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. “குப்ப லோரிக்குச் சொல்லி வெச்சிருந்தோம். கரெக்டா வந்துச்சி, ஏத்தி விட்டுட்டோம். நீங்க சொன்ன மாதிரி ஒண்ணையும் கையால தொடல. எல்லாமே வெளக்கமாறுதான்.”

அண்ணாந்து பார்த்தேன். கிளையில் மிச்சம் எதுவும் இல்லை. சிமெண்ட் மேடையில் உட்கார்ந்தேன். யாரோ தேநீர் கொடுத்தார்கள். வாங்கிக் கீழே வைத்தேன். அத்தனை பேரையும் திட்ட எனக்கு வார்த்தை இருந்தது, மூச்சுதான் இல்லை. எனக்குப் பெருமை சேர்க்கத்தான் கூட்டியிருக்கிறார்கள். அது தெரிந்ததும் இன்னும் வலித்தது.

தலையைத் திருப்பியபோதுதான் மிஸ்டர் சுப்ராவின் வீடு கண்ணில் பட்டது. பூட்டிய கேட்டுக்கு உள்ளே, மாதக்கணக்கில் யாரும் கூட்டாத போர்ச். கணுக்கால் உயரத்துக்கு இலை. அதன்மேல், இறக்கை விரித்தபடி, காய் காயாகக் கிடந்தது.

“கேட்டத் தொற.”

“அவர கேக்காம முடியாதுக்கா. பெரிய பிரச்சன பண்ணுவாரு.”

கேட்டான். போனில் மிஸ்டர் சுப்ராவின் முகம் வந்தது. பனியனோடு காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

“என்ன மேடம், சாமி சௌக்கியமா?”

“மிஸ்டர் சுப்ரா, உங்க போர்ச்ல விழுந்த காய நான் எடுத்துக்கலாமா?”

காப்பியைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. “காய மட்டும் பொறுக்கிட்டு எலய விட்டுட்டுப் போறதுன்னா வேணாம். எடுத்தா எல்லாத்தையும் எடுக்கணும். போர்ச் க்ளீனா இருக்கணும்.”

“சரி.”

“வேற யாரும் கூட்டக்கூடாது. நீங்கதான் கூட்டணும்.”

“சரி.”

“தம்பிய போன புடிச்சிக்கிட்டு நிக்கச் சொல்லுங்க. நான் பாக்கணும் லா.”

ஊர் முழுக்க கேட்டுக்கு வெளியே தேநீரோடு நிற்க, நான் மிஸ்டர் சுப்ராவின் போர்ச்சைக் கூட்டினேன். விளக்குமாறு பட்டால் முளை ஒடியும் என்று கையாலேயே அள்ளினேன். முழங்கால் மடங்க மறுத்ததால் டைல்ஸில் உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே நகர்ந்தேன். மேலே கிடந்த காய்களில் நிறைய காய்ந்துபோய் லேசாக இருந்தன. கனமானவற்றைச் சாக்கில் வைத்தேன், மற்றதைக் குப்பைப் பையில் தள்ளினேன். கனமானவை குறைவாகவே தேறின.

“மேடம், ஷூ ரேக் பின்னாடி விட்டுட்டீங்க,” என்றது போன். “அந்த மூல. அங்க எப்பவும் சேரும்.”

ஷூ ரேக்கை நகர்த்தினேன். கூரைக் குழாய் கசிந்து ஈரமாகவே இருந்த மூலை அது. காற்று ஒதுக்கிய காய்கள் அங்கே குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றும் வாய் பிளந்து, டைல்ஸின் மேல் மண்ணைத் தேடி வெள்ளையாக ஒரு வேரை நீட்டியிருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து ஈரச் சாக்கில் படுக்க வைத்தேன்.

“பரவால்ல மேடம். படிச்சவங்களா இருந்தாலும் நல்லாவே கூட்டுறீங்க.”

“ரொம்ப நன்றி, மிஸ்டர் சுப்ரா,” என்றேன்.

மனதாரத்தான் சொன்னேன். அவர் நம்பவில்லை.